காரிமேடு சுரங்கத்தைக் குள்ளர்கள் ஏன் விட்டுப் போனார்கள்? துப்புகளும் ஊகங்களும்

கோடாரிக்கை:
ஆந்திராவின் குப்பம் ஊரில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமைக் குழுவின் ஆட்டத்தைத் தொடராதவர்களுக்காக நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைக் கதையாட்டம், ஐந்தாம் பதிப்பு விதிகள். டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஆடுவோம். ஆட்டம் முழுக்கத் தமிழில்தான், நடுநடுவே தெலுங்கு வந்து விழும். கூட்டத்தில் எல்லோருடைய பாத்திரமும் ஐந்தாம் நிலைத் திறனில் இருக்கிறது. காரிமேடு என்ற குள்ளர் சுரங்கத்தில் ஆறு தளம் இறங்கிவிட்டோம். இதுவரை ஒரு அரக்கனும் வரவில்லை, ஒரு எலும்புகூடக் கிடைக்கவில்லை. 80 வருஷத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் காலி செய்துவிட்டுப் போனார்கள் என்று அடிவாரத்து ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். காரணம் கேட்டால் தெரியாது என்கிறார்கள்.

பார்த்ததைச் சொல்கிறேன். உளி, சுத்தியல் எல்லாம் எண்ணெய் தடவி ஆணியில் மாட்டியிருக்கிறது. சமையல்கட்டில் பானைகள் கவிழ்த்து வைத்திருக்கிறது, அடுப்பில் சாம்பலைக்கூட வாரியிருக்கிறார்கள். பறவைக் கூண்டுகள் கதவு திறந்தபடி காலி. மூன்றாம் தளத்தில் பாறைத் தூண்களில் வெள்ளி ரேகை விரல் தடிமனுக்கு ஓடுகிறது, அதை யாரும் தொடவில்லை. ஆறாம் தளத்தோடு தரை முடிந்து தண்ணீர் நிற்கிறது. அடிவரைக்கும் தெரிகிற தெளிவான தண்ணீர், ஆனால் ஒரு பொட்டுப் பாசி இல்லை, சுவரெல்லாம் செங்காவிக் கறை. பக்கத்து அறையில் பம்புகளின் தோல் வளையங்களும் வெண்கல வால்வுகளும் எண்ணெய்த் துணியில் சுற்றி அடுக்கியிருக்கின்றன. மேல்வாசலில் டோக்கன் பலகை இருக்கிறது. பித்தளை வில்லைகள் வரிசையாகத் தொங்குகின்றன, ஒரே ஒரு ஆணி மட்டும் காலி.

இன்னொன்று. மலையின் அந்தப் பக்கம், ஓடை ஓரமாக, கீழே ஒரு கதவு இருக்கிறது. வெளியிலிருந்து ஈயம் உருக்கி ஊற்றி அடைத்திருக்கிறார்கள். அதை உடைப்பதா வேண்டாமா என்பதுதான் இப்போது எங்களுக்குள் சண்டை. உங்கள் ஊகங்களைச் சொல்லுங்கள்.

வெள்ளிநாக்கு:
இந்தக் குழுவின் கள்வன் நான்தான். என் கணக்கு நேரானது. வெளியிலிருந்து அடைத்தால் உள்ளே இருப்பது வெளியே வரக்கூடாது என்று அர்த்தம். ஆழத்தில் ஏதோ ஒன்று விழித்திருக்கிறது. அதன் தலையில் தண்ணீரை விட்டு முழுகடித்துவிட்டு ஓடிவிட்டார்கள். காலி ஆணி யாருடையதோ, அவர் உள்ளேயே மாட்டிக்கொண்டவர். ஓடைக் கதவை உடைத்தால் தண்ணீர் வடியும், மீதித் தளங்களுக்குப் போகலாம். அதற்கு முன்னால் மூன்றாம் தளத்து வெள்ளியைப் பெயர்த்து எடுத்துவிடலாம். ஆளுக்கு ஒரு மூட்டை தேறும்.

மாரிகுப்பம்எக்ஸ்பிரஸ்:
ஓடிப்போகிறவர்கள் பானையைக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள், தம்பி.

நான் கோலார் தங்கவயல்காரன், இப்போது குப்பத்தில் இருக்கிறேன். அப்பா சாம்பியன் ரீஃபில் ஷாஃப்ட் இறங்கினவர். அங்கே 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வேலையை ஆரம்பித்தது. சிவனசமுத்திரத்திலிருந்து 1902ல் சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்ததே இந்தச் சுரங்கத்துக்காகத்தான். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும், குளிர்காற்றைக் கீழே அனுப்பினால்தான் மனுஷன் நிற்க முடியும். ராக் பர்ஸ்ட், அதாவது அழுத்தத்தில் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவது, நடந்தால் மேலே வீட்டில் பாத்திரம் உருளும். இத்தனையையும் தாங்கிக்கொண்டு 120 வருஷம் ஓடின சுரங்கம் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டது. எந்த பூதமும் வரவில்லை. ஒரு டன் கல்லை மேலே கொண்டுவந்து அரைத்தால் கிடைக்கிற தங்கம் குறைந்துகொண்டே வந்தது, ஆழத்தின் செலவு ஏறிக்கொண்டே போனது. இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டிய பிறகும் சில காலம் இழுத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

பம்பு நின்றதும் தண்ணீர் தானாக ஏறும். அதற்கு யாரும் மெனக்கெட்டு முழுகடிக்க வேண்டாம். சுரங்கம் என்பதே தண்ணீரோடு நடக்கிற தினசரிச் சண்டை. ஒரு வாரம் விட்டால் கீழ்த்தளம் போய்விடும்.

இங்கே நான் கவனிக்கிறது, பம்பு உறுப்புகள் தண்ணீருக்கு மேலே, துணியில் சுற்றி இருக்கின்றன. அப்படியென்றால் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே, அடித்தளத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாகக் கழற்றிக்கொண்டு மேலே வந்திருக்கிறார்கள். பதற்றத்தில் நடக்கிற வேலை இல்லை அது. மேஸ்திரி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எண்ணி வாங்கி வைத்த வேலை.

டிஎம் அண்ணா, ஒரு கேள்வி. எத்தனை செட் பம்பு?

பகடைத்தாத்தா (டிஎம்):
கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் சொல்வேன். பன்னிரண்டு செட்.

மாரிகுப்பம்எக்ஸ்பிரஸ்:
அது போதும். உறிஞ்சுகிற பம்பு ஒரே இழுப்பில் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தூக்காது. காற்றின் அழுத்தம் அவ்வளவுதான் தாங்கும், குள்ளர் செய்த பம்பாக இருந்தாலும் அதே கதைதான். அதனால் ஒன்று தூக்கித் தொட்டியில் விட, அடுத்தது அங்கிருந்து தூக்க, படிப்படியாக மேலே ஏற்றுவார்கள். பன்னிரண்டு செட் என்றால் அதிகபட்சம் 120 மீட்டர். வால்வு கசிவு, தோல் தேய்மானம் எல்லாம் போக நூறு மீட்டருக்குக் கிட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். கீழே முழுகிக் கிடப்பது அவ்வளவு ஆழம்.

ஜல்லிக்கல்:
நான் இங்கே கிரானைட் குவாரியில் சூப்பர்வைசர். வெள்ளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தயவுசெய்து ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் படியுங்கள்.

மூன்றாம் தளத்தில் அந்த ரேகை எங்கே இருக்கிறது? தூணில். சுவரில் இல்லை, கூரையில் இல்லை. பாறையைக் குடைகிறவர்கள் கூரையைத் தாங்க நடுநடுவே கல்லை வெட்டாமல் விடுவார்கள். அந்தத் தூணுக்குள் எவ்வளவு நல்ல தாது இருந்தாலும் தொட மாட்டார்கள். ஒரு சுரங்கத்தை ஒரேயடியாக முடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? கடைசியில் உள்ளேயிருந்து வாசலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே தூண்களையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பார்கள். முதுகுக்குப் பின்னால் கூரை இறங்கும், இறங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். இனி வரப்போவதில்லை என்றால் அந்தத் தாதுவை விட்டுவைக்க ஒரு காரணமும் இல்லை.

இவர்கள் விட்டுவைத்திருக்கிறார்கள். விரல் தடிமன் வெள்ளியை! ஆக, திரும்பி வரும் எண்ணத்தோடுதான் போயிருக்கிறார்கள்.

அப்புறம், வெள்ளிநாக்கு, நீ அந்தத் தூணில் உளி வைத்தால் நாலாம் தளத்துக்குக் கீழே நிற்கிற எல்லோருக்கும் வழி அடைபட்டுவிடும்.

தேவாலா_மழை:
கேரள எல்லையிலிருந்து ஒரு குரல். எங்கள் தேவாலா, பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இன்றும் பழைய தங்கச் சுரங்க வாய்கள் இருக்கின்றன. 1880 வாக்கில் வயநாட்டுத் தங்கம் என்று லண்டனில் டஜன் கணக்கில் கம்பெனிகள் பங்கு விற்றன. கல்லைச் சரியாகச் சோதிப்பதற்கு முன்பே பங்களா கட்டினார்கள், மெஷின் இறக்கினார்கள். தங்கம் இருந்தது, ஆனால் செலவுக்குக் கட்டுகிற அளவுக்கு இல்லை. சில வருஷத்தில் எல்லாம் கலைந்துவிட்டது. எனவே காரிமேடும் அப்படி ஒரு பங்குச்சந்தைக் கூத்தாக இருக்கலாம் என்றுதான் முதலில் எழுத வந்தேன். தூண் கணக்கைப் படித்த பிறகு அது பொருந்தவில்லை. ஆறு தளம், அதற்குக் கீழே நூறு மீட்டர். இது தலைமுறை தலைமுறையாக உழைத்த இடம்.

வேறு ஒன்று கேட்கிறேன். கீழ்த்தளங்களில் கூரையில் கரி படிந்திருக்கிறதா? மலையில் மரம் இருக்கிறதா?

பகடைத்தாத்தா (டிஎம்):
நாலாம் தளத்திலிருந்து கூரை கறுப்பு. மலையில் இடுப்பளவு புதர்தான், பெரிய மரம் இல்லை. இதை முதல் அமர்விலேயே சொல்லியிருக்கிறேன்.

தேவாலா_மழை:
அப்படியானால் விறகு!

வெடிமருந்து இல்லாத காலத்தில் கெட்டிப் பாறையை உடைக்க ஒரே பெரிய வழி நெருப்பு. பாறை முகத்தில் விறகை அடுக்கிக் கொளுத்துவார்கள். இரவெல்லாம் எரியும். பாறை சூடேறி விரிந்து விரிசல் விடும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் பிளக்கும். காலையில் ஆப்பும் சுத்தியலுமாகப் பெயர்ப்பார்கள். கர்நாடகத்தில் ஹட்டியில் இந்த முறையில் பழங்காலத்திலேயே 190 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறார்கள். ஆனால் இது விறகைத் தின்கிற முறை. கூரைக்கு முட்டு கொடுக்க மரம், பம்புக் குழாய்க்கு மரம், தாதுவை உருக்கக் கரி, எல்லாம் அதே காட்டிலிருந்துதான். ஒரு சுரங்கம் தன் மலையை மொட்டையடித்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு கட்டையும் தூரத்திலிருந்து வண்டியில் வர வேண்டும்.

காடு திரும்ப வளர நூறு வருஷம் ஆகும். ஜல்லிக்கல் சொன்ன 'திரும்பி வருவோம்' என்பதோடு இது அப்படியே பொருந்துகிறது. மலைக்கு ஓய்வு கொடுத்திருக்கிறார்கள்.

வெள்ளிநாக்கு:
நூறு வருஷம் காத்திருந்து யார் வருவது? பேரன் பேத்தியா?

தீபக்காரி:
அவர்களே வருவார்கள். விதிப் புத்தகத்தைப் பார், தம்பி. ஐந்தாம் பதிப்பில் குள்ளர் சராசரியாக 350 வருஷம் வாழ்கிறார்கள், 50 வயது வரைக்கும் இளையவர் கணக்குதான். 80 வருஷம் என்றால் அந்த டோக்கன்களை மாட்டிவிட்டுப் போன கைகளில் பெரும்பாலானவை இன்றும் எங்கேயோ வேலை செய்துகொண்டிருக்கும். நாம் பாழடைந்த இடத்தில் நிற்கவில்லை, பூட்டிவிட்டுப் போனவர்கள் வீட்டில் நிற்கிறோம். நான் பூசாரி பாத்திரம் ஆடுகிறேன், எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பறவைக் கூண்டைப் பற்றியும் சொல்கிறேன். குள்ளருக்குத்தான் விஷத்தை எதிர்க்கும் சக்தி உண்டே, பறவை எதற்கு என்று போன வாரம் யாரோ கேட்டார்கள். ஆழத்தில் தேங்குகிற கெட்ட காற்று எல்லாம் விஷம் இல்லை. பிராணவாயு குறைந்து கரியமில வாயு நிறைந்த காற்றில் மூச்சுதான் அடைக்கும், விஷ எதிர்ப்பு அதில் உதவாது. விளக்கும் அதே மாதிரி. இருட்டில் பார்க்கிற கண் அவர்களுக்கு உண்டு, ஆனால் அதில் நிறம் தெரியாது, சாம்பல் வண்ணம்தான். தாது எது, வெறுங்கல் எது என்று பிரிக்க வெளிச்சம் வேண்டும். சுடர் மங்கினால் காற்று கெட்டது என்றும் தெரியும். ஆறாம் தளத்துக்குப் போகும்போது நம் மந்திர வெளிச்சத்தை நம்பாமல் கையில் ஒரு மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போகலாம்.

கூண்டுக் கதவுகள் திறந்திருக்கின்றன. பறவைகளைக்கூடப் பறக்கவிட்டுவிட்டுப் போனவர்கள்.

கோடாரிக்கை:
விறகுக் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஓடைக் கதவு இன்னும் நிற்கிறதே. திரும்பி வருகிறவர்கள் எதற்கு ஈயம் ஊற்ற வேண்டும்? பூட்டு போதாதா?

ஜல்லிக்கல்:
அந்தக் கதவு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மேல்வாசலிலிருந்து எவ்வளவு கீழே?

பகடைத்தாத்தா (டிஎம்):
உங்கள் வரைபடத்தை வைத்துப் பார்த்தால், ஏழாம் தளம் இருக்க வேண்டிய உயரம்.

ஜல்லிக்கல்:
நினைத்தேன். அது ஆள் போகிற கதவே இல்லை, தண்ணீர் வெளியேறுகிற வழி. மலைச் சுரங்கத்தில் பக்கவாட்டில் லேசான சரிவோடு ஓடை வரைக்கும் ஒரு குடைவு வெட்டுவார்கள். அதற்கு மேலே இருக்கிற தண்ணீர் தானாக வடியும், கீழே இருக்கிறதை அந்த மட்டம் வரைக்கும் பம்பு பண்ணினால் போதும். பன்னிரண்டு செட் பம்பும் எட்டாம் தளத்திலிருந்து கீழேதான் வேலை செய்திருக்கும்.

அந்த வழியை அடைத்ததால்தான் தண்ணீர் ஏழாம் தளத்தையும் தாண்டி ஆறாம் தளத்தின் காலடிக்கு வந்திருக்கிறது. பம்பை மட்டும் நிறுத்தியிருந்தால் ஏழோடு நின்றிருக்கும். ஆக வெள்ளிநாக்கு சொன்னதில் ஒன்று உண்மை. வேண்டுமென்றே முழுகடித்திருக்கிறார்கள்.

வெள்ளிநாக்கு:
சொன்னேனா இல்லையா! எதன் தலையில்?

மாரிகுப்பம்எக்ஸ்பிரஸ்:
பாறையின் தலையில். செங்காவிக் கறை, பாசி இல்லாத தெளிந்த தண்ணீர் என்று கோடாரிக்கை எழுதியபோதே உறுத்தியது, இப்போது புரிகிறது.

வெள்ளித் தாது பெரும்பாலும் தனியாக வராது, ஈயத் தாதுவோடும் இரும்பும் கந்தகமும் கலந்த பைரைட்டோடும் சேர்ந்து வரும். பைரைட்டைக் குடைந்து திறந்துவிட்டால் காற்றும் ஈரமும் பட்டு அது மெல்லக் கந்தக அமிலமாகக் கசியும். இரும்பு காவியாகப் படியும். தண்ணீர் பார்க்கப் பளிங்காக இருக்கும், அதில் மீன் வாழாது, பயிருக்குப் பாய்ச்சினால் கருகும். வேலை நின்ற பிறகும் இது நிற்காது, தலைமுறைக் கணக்கில் ஓடும். அந்தக் குடைவு திறந்தே கிடந்தால் அத்தனையும் ஓடைக்குத்தான் போகும். ஓடை எங்கே போகிறது?

கோடாரிக்கை:
அடிவாரத்து ஊருக்கு. அங்கேதான் நெல் விளைகிறது. நாங்கள் தங்கின சத்திரமும் அந்த ஓடைத் தண்ணீரில்தான் சமைக்கிறது.

மாரிகுப்பம்எக்ஸ்பிரஸ்:
அப்போது ஈயமும் சரியாக வருகிறது. இரும்புக் கதவை அந்தத் தண்ணீர் சில வருஷத்தில் அரித்துவிடும். கந்தக அமிலம் ஈயத்தை அவ்வளவு சுலபத்தில் அரிக்காது, அதனால்தான் ஒரு காலத்தில் அந்த அமிலத்தையே ஈயத் தகடு அடித்த அறைகளில் காய்ச்சினார்கள். முழுகடித்ததற்கும் காரணம் உண்டு. பாறை தண்ணீருக்கு அடியில் போய்விட்டால் காற்று படாது, புதிதாக அமிலம் ஊறுவது பெருமளவு குறையும். இன்றைக்கும் சில பழைய சுரங்கங்களை இப்படித்தான் அடைக்கிறார்கள்.

அடைத்ததைத் தெரியாமல் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோவில் கோல்ட் கிங் என்ற கைவிடப்பட்ட சுரங்கத்தின் வாயில் வேலை செய்தபோது அடைப்பு உடைந்துவிட்டது. 30 லட்சம் கேலன், அதாவது ஒரு கோடி லிட்டருக்கு மேல், ஒரே பாய்ச்சலாக வெளியே வந்தது. அனிமாஸ் ஆறு நாள்கணக்கில் மஞ்சளாக ஓடியது. சுத்தம் செய்ய வந்தவர்கள் கையால் நடந்தது அது. நாம் கொள்ளையடிக்கப் போகிறவர்கள்.

அந்தக் கதவைத் தொடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வெள்ளிநாக்கு:
சரி, சரி. கதவு வேண்டாம், தூணும் வேண்டாம். ஆனால் காலி ஆணி? அதை யாரும் தொடவே இல்லை.

தீபக்காரி:
அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சுரங்கத்துக்குள் இறங்கும்போது வில்லையை எடுத்துக்கொண்டு, ஏறி வந்ததும் மாட்டுவார்கள். காலி ஆணி என்றால் ஆள் உள்ளே என்று கணக்கு. ஆனால் ஒரு ஆளை உள்ளே விட்டுவிட்டு இவ்வளவு நிதானமாகச் சாம்பல் வாருகிறவர்களை என்னால் நம்ப முடியவில்லை. வில்லை வெளியேதான் இருக்கிறது. கடைசியாக ஓடைக் கதவுக்கு ஈயம் ஊற்றியவர் மேலே ஏறி வந்து மாட்டவில்லை, கீழேயே தங்கிவிட்டார். அடைப்பு கசிகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா?

முதல் அமர்வில் ஓடை ஓரத்தில் இடிந்த கல்குடிசையும், தலைகீழாக நட்ட சுத்தியலோடு ஒரு சமாதியும் டிஎம் வர்ணித்தார். நாம் பேச்சோடு பேச்சாகக் கடந்து போனோம்.

கோடாரிக்கை:
அக்கா!! காவலாள்!

தேவாலா_மழை:
கிராமத்துக்காரர்கள்தான் அவரை அடக்கம் செய்திருக்க வேண்டும். அப்படியானால் 'தெரியாது' என்கிற ஊர்ப் பெரியவர்களுக்கு ஏதோ தெரியும். அவர் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கலாம். வெள்ளி இருக்கிறது என்று தெரிந்தால் எவனாவது கதவை உடைப்பான் என்று.

தீபக்காரி:
எனக்கு இப்போது மூன்றாம் நிலை மந்திரங்கள் வரும். இறந்தவரோடு பேசுகிற மந்திரம் அதில் ஒன்று. ஐந்து கேள்வி கேட்கலாம். வாழ்ந்த காலத்தில் தெரிந்ததை மட்டும் சொல்வார். உடலுக்கு வாய் இருக்க வேண்டும். அதற்குச் சமாதியைத் திறக்க வேண்டும், அதுதான் எனக்கு மனசு வரவில்லை. ஊரார் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டேன்.

ஜல்லிக்கல்:
ஊராரிடம் ஓடைத் தண்ணீர் இந்த எண்பது வருஷத்தில் எப்போதாவது நிறம் மாறியதா என்று முதலில் கேளுங்கள். கதவைப் பற்றி நமக்குத் தெரியும் என்று காட்டினால் வாய் திறப்பார்கள். சமாதிக்கும் அனுமதி கிடைக்கலாம்.

பகடைத்தாத்தா (டிஎம்):
ஆட்டத்துக்கு முன்னால் ஒரே ஒரு தீர்ப்பு. எலும்பு மட்டும்தான் மிச்சம் என்றாலும் தாடை இருந்தால் அதை வாய் என்று ஏற்றுக்கொள்வேன். பதில் குள்ளர் மொழியில்தான் வரும்.

கோடாரிக்கை:
குள்ளர் மொழி எனக்குத் தெரியும், நான் பெயர்த்துச் சொல்கிறேன். ஐந்து கேள்வியை இங்கேயே முடிவு பண்ணிவிடலாம். ஈயம் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்பது முதலாவது. மற்றவர்கள் எங்கே போனார்கள், எப்போது வருவதாகச் சொன்னார்கள் என்பதை இரண்டாகப் பிரித்துக் கேட்கலாம். நாலாவது, ஊரார் கொடுத்த வாக்கு என்ன?

வெள்ளிநாக்கு:
ஐந்தாவது என்னுடையது. அவர் வில்லையைத் திரும்ப அந்த ஆணியில் மாட்டலாமா, இல்லை யாராவது அவர் வேலையை எடுத்துக்கொள்ளும் வரைக்கும் ஆணி காலியாகவே இருக்க வேண்டுமா?

தீபக்காரி:
அது நல்ல கேள்வி. நான் சனிக்கிழமை அந்த மந்திரத்தைத் தயார் செய்துகொண்டு வருகிறேன். கோடாரிக்கை, முதலில் சத்திரத்துக்குப் போகிறோம், ஊர்ப் பெரியவரைப் பார்க்கிறோம். சுரங்கத்துக்குள் இந்த வாரம் யாரும் இறங்க வேண்டாம்.